கரி வண்டி பழக்கிய காத்திருப்பு

புதுக்கோட்டையில் விடிகாலையில் காரை ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஓடவிட்டு, பிறகே கியர் போடுகிறவர்கள் இன்றும் உண்டு. பனிக்காலம், எஞ்சின் சூடாகட்டும் என்பார்கள். ஆனால் மார்கழி, தை விடியலிலும் இங்கே வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். எஞ்சின் ஆயில் பாகாய்த் தடிக்கும் ஐரோப்பியக் குளிர் இந்த மண்ணுக்கு வந்ததில்லை. இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது குளிரல்ல, அந்தந்தக் காலத்து எரிபொருளும் எந்திரமும்தான் என்று நினைக்கிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானத் தலைநகருக்கு ரயில் 1929இல்தான் வந்தது. அதுவரையிலும், அதன் பிறகும், இந்த வட்டாரத்துக்குச் சாலையே உயிர். மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்ட காலத்தை ஒட்டி, 1912இல்தான், அமெரிக்காவில் காடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வந்தது. ஆனால் மற்ற வண்டிகளுக்கு நெடுங்காலம் முன்பக்க ஹேண்டிலைச் சுற்றுவதுதான் வழி. எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். அத்தனை பாடுபட்டுக் கிளப்பிய எஞ்சினை, அணைந்துவிடுமோ என்ற பயத்தில் ஓடவிட்டு வைப்பது இயல்புதானே. இரண்டாம் உலகப்போர் அந்தக் காத்திருப்பை இன்னும் நீட்டியது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. பஸ்கள் கரிவாயுவுக்கு மாறின, சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனமே அதற்கான கருவியைச் செய்து விற்றது. உலையில் கரியைப் பற்றவைத்து, விசிறியைக் கையால் சுற்றி, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் போதிய அளவு கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்டி, வாயு எரிந்தால்தான் எஞ்சினைத் தொடலாம். சித்திரையானாலும் மார்கழியானாலும் இந்த வேலை ஒன்றே. பருவம் பாராத இந்தக் காத்திருப்பே, குளிர்தான் காரணம் என்பதை மறுக்க எனக்குக் கிடைக்கும் வலுவான சான்று.

அம்பாஸடரிலும் பியட்டிலும் சோக் இழுத்தது குளிருக்காகத்தானே என்று கேட்கலாம். பாதி உண்மை. எஞ்சின் ஆறிக்கிடந்தால், கார்புரேட்டர் கலந்து அனுப்பும் பெட்ரோல் உள்குழாய்ச் சுவரில் படிந்துவிடும். அதை ஈடுகட்டக் கூடுதல் பெட்ரோல் தேவைப்பட்டது, சோக் இழுத்தது அதற்குத்தான். அந்தக் கணக்கை இன்றைய இன்ஜெக்ஷன் கார்களில் வெப்ப உணரியே பார்த்துக்கொள்கிறது. ஆயில் மேலேற வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. வேண்டும், ஆனால் அதற்குச் சில விநாடிகளே போதும். நின்றபடி ஓடும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடாகும். அதுவரை எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருக்கும் ஆயிலைக் கழுவும். முதல் இரண்டு கிலோமீட்டரை முடுக்காமல் ஓட்டுவதே எஞ்சினுக்கு நல்லது. பணிமனையில் பஸ் டிரைவர் அதிகாலையில் வண்டியை உறுமவிடுவதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. டேங்கில் காற்றழுத்தம் ஏறாமல் ஏர் பிரேக் பிடிக்காது. அதற்காக அவர் காத்திருந்தே ஆக வேண்டும்.