சூறாவளி உடைத்த இறங்குதுறைக்குப் புதிய அனுமதி தேவையா?

அமெரிக்காவில் நீரோரக் கட்டுமானங்களுக்கு இராணுவப் பொறியியற் படையணியின் அனுமதி வேண்டும். ஆனால், முன்னர் அனுமதி பெற்ற இறங்குதுறையைச் சூறாவளி உடைத்தால் 'நாடளாவிய அனுமதி 3' இன் கீழ் திருத்தலாம். தனி அனுமதி தேவையில்லை. 2 ஆண்டுகளுக்குள் வேலை தொடங்கவோ ஒப்பந்தம் கைச்சாத்தாகவோ வேண்டும். பணம் தாமதமானால் மாவட்டப் பொறியியலாளர் அக்கெடுவையும் தளர்த்தலாம். பெருப்பிக்கத்தான் இடமில்லை. (மாநிலச் சட்டங்கள் வேறு.)

இவ்விலக்கு புயலுக்கு முன்பே எழுதப்பட்டது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இங்கோ 2004 சுனாமி அடித்த பின்னர்தான் வடக்கு, கிழக்கில் 200 மீற்றர், தெற்கு, மேற்கில் 100 மீற்றர் தடை வலயம் வந்தது. சாய்ந்தமருது, மருதமுனையில் 200 மீற்றருக்கு அப்பால் நெருங்கிய வீடுகள். அதற்கும் அப்பால் வயல். வலயம் தளர்த்தப்படுவதற்குள் ஏறத்தாழ ஒரு வருடம் கொட்டில்களில் கழிந்துவிட்டது.