‘ஆன்டிட்ரஸ்ட்’: வடிவம் மறைந்தபின் எஞ்சிய சொல்

அமெரிக்க நிறுவனம் ஒன்றின் மீதான வழக்கைப் பற்றிய தமிழ்ச் செய்தியில் ‘நம்பிக்கை எதிர்ப்புச் சட்டம்’ என்ற தொடரைப் படித்தேன். மொழிபெயர்த்தவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஆங்கிலப் பொதுவழக்கிலேயே ‘ஆன்டிட்ரஸ்ட்’ என்ற மூலச்சொல் தன் பொருளைவிட்டு விலகி வெகுகாலமாகிறது. அந்த விலகலைத் தமிழுக்குள்ளும் கொண்டுவர வேண்டியதில்லை என்பதே என் வாதம்.

இங்கே ‘டிரஸ்ட்’ என்பது நம்பிக்கை அன்று. பொறுப்பாட்சி என்னும் சட்ட ஏற்பாடு. தந்தையை இழந்த சிறுவனுக்காகத் தாய்மாமன் பெயரில் நிலத்தை எழுதிவைக்கிறார்கள் என்று கொள்வோம். பட்டா மாமனுக்கு, விளைச்சல் சிறுவனுக்கு. இந்த ஏற்பாட்டை ஒழுங்குபடுத்தும் இந்தியச் சட்டம் 1882இல் வந்தது. அதே ஆண்டில்தான் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான ஸ்டாண்டர்ட் ஆயிலின் வழக்கறிஞர் சாமுவேல் டாட் இதே ஏற்பாட்டை எண்ணெய் வணிகத்துக்குத் திருப்பினார். ஒரு நிறுமம் பிற நிறுமங்களின் பங்குகளை வைத்திருக்க அன்றைய மாநிலச் சட்டங்கள் தடையாக இருந்தன. எனவே பங்குதாரர்கள் தங்கள் பங்குகளை 9 பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்துச் சான்றிதழ் பெற்றுக்கொண்டார்கள். இலாபம் சான்றிதழ் உள்ளவருக்கு. நிர்வாகம் முழுவதும் நிறுவனர் ராக்பெல்லர் உள்ளிட்ட அந்த 9 பேருக்கு. ஊருக்கு ஊர் தனித்தனிப் பெயர்ப்பலகை, முடிவெடுப்பது ஓரிடத்தில். சர்க்கரையும் சாராயமும் இதே வழியில் போயின. அநாதைச் சிறுவனைக் காக்கப் பிறந்த ஏற்பாடு சந்தையை வளைக்கப் பயன்பட்டதுதான் அன்றைய மக்களைக் கொதிக்கவைத்தது.

1890இல் அமெரிக்காவில் ஷெர்மன் சட்டம் வந்தது. வணிகத்தை முடக்கும் கூட்டு டிரஸ்ட் வடிவில் இருந்தாலும் வேறு எந்த வடிவில் இருந்தாலும் குற்றம் என்றது அது. அந்த ‘வேறு வடிவம்’ விரைவிலேயே வந்துவிட்டது. நியூ ஜெர்சி மாநிலம் பங்குடைமை நிறுமங்களை அனுமதிக்கவே, ஸ்டாண்டர்ட் ஆயில் 1899இல் அங்கே அப்படியொரு நிறுமமாக மாறியது. 1911இல் உச்ச நீதிமன்றம் 34 நிறுமங்களாகப் பிரித்தது அந்த நிறுமத்தைத்தான். டிரஸ்ட் அதற்கு முன்பே போய்விட்டது. பெயர் மட்டும் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது.

வேர் தெரியாத சொல்லை மக்கள் தம் போக்கில் வளைப்பது இயல்பு. இன்றைய ஆங்கிலப் பேச்சில் ‘ஆன்டிட்ரஸ்ட் நடத்தை’ என்றால் அச்சட்டம் தடுக்கும் நடத்தை என்று பொருள். மருந்தின் பெயர் நோய்க்கு வந்துவிட்டது! இதைவிட ஆபத்தானது இன்னொரு மயக்கம்: நிறுவனம் பெரிதாக இருப்பதே குற்றம் என்ற எண்ணம். சிறந்த சரக்காலும் தொழில்திறத்தாலும் ஒருவர் சந்தையைப் பிடித்தால் அது குற்றமன்று என்று 1966இல் கிரின்னல் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. மறுபுறம், நான்கு சிறு ஒப்பந்தக்காரர்கள் கூடிப் பேசி டெண்டர் விலையை நிர்ணயித்தால், அவர்களுள் எவருக்கும் ஏகபோகம் இல்லாவிட்டாலும், அமெரிக்கச் சட்டப்படி 10 ஆண்டுவரை சிறை உண்டு.

இதனால்தான் ‘ஏகபோக எதிர்ப்புச் சட்டம்’ என்ற மொழிபெயர்ப்பும் எனக்கு நிறைவளிக்கவில்லை. டெண்டர் கூட்டு அதற்குள் அடங்காது. இந்தியாவே 1969இன் ஏகபோகச் சட்டத்தைக் கைவிட்டு 2002இல் போட்டிச் சட்டத்துக்கு வந்தது. புதிய சட்டத்தின் 3ஆம் பிரிவு போட்டியைக் குலைக்கும் உடன்பாடுகளையும், 4ஆம் பிரிவு ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதையும் தடுக்கின்றன. ஆதிக்கத்தில் இருப்பதை அது தண்டிப்பதில்லை.

தமிழில் ‘போட்டி’ என்றால் கபடியும் பேச்சுமேடையும் முதலில் நினைவுக்கு வருவதால் ‘வணிகப் போட்டிச் சட்டம்’ என்று எழுதுவதே தெளிவு. குற்றச்சாட்டைச் சொல்லும்போது சட்டத்தின் பெயரோடு நிற்காமல் செயலையும் சொல்ல வேண்டும்: விலைக் கூட்டா, டெண்டர் கூட்டா, போட்டியாளரைக் கடைக்குள் நுழையவிடாத ஒப்பந்தமா? வாசகர் கேட்பது அதைத்தான்.