கறை உரைத்த சான்று

1901ஆம் ஆண்டு யூலை மாதத்தில், ஜேர்மனியின் றூகன் தீவிலே கோரன் என்னும் ஊரருகே இரு சிறுவர் கொலையுண்டனர். ஐயத்தின்பேரிற் பிடிக்கப்பட்ட தச்சன் லுட்விக் ரெஸ்நோவ், தன் உடையிற் காணப்பட்ட கறைகள் மரச்சாயத்தின் கறைகளே என்று சாதித்தான். உலர்ந்த கறையொன்று குருதிதானா என்பதை அன்றைய இரசாயனம் கூறவல்லது. அது மனிதக் குருதியா, விலங்கின் குருதியா என்று உறுதியாகக் கூற அதனால் இயலவில்லை.

அவ்வாண்டு பெப்ரவரியிலேயே கிறைவ்ஸ்வால்ட் நகரத்து ஆய்வாளர் போல் ஊலன்கூத் இதற்கொரு வழியை வெளியிட்டிருந்தார். மனிதக் குருதியை முயலின் உடலிற் பலமுறை செலுத்தினால், அம்முயலின் குருதியில் மனிதப் புரதங்களுக்கெதிரான பிறபொருளெதிரிகள் தோன்றுகின்றன. அம்முயலின் நீர்ப்பாயத்தை, உப்புநீரிற் கரைத்த கறையுடன் சேர்த்தால், கறை மனிதனுடையதாயின் கரைசல் கலங்கி வீழ்படிவு உண்டாகும். ரெஸ்நோவின் உடைகள் அவரிடம் வந்தன. சில கறைகள் மனிதக் குருதி, வேறு சில செம்மறியாட்டுக் குருதி என்பது அவரது முடிவு. அக்கொலைக்குச் சில கிழமைகளின் முன்னர் அத்தீவில் ஆடுகள் வெட்டிச் சிதைக்கப்பட்டிருந்தன என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஒரு மனிதனின் உயிர் சிறுகுழாயொன்றின் கலங்கலில் தங்கியிருந்தது. ஆயின், பக்டீரியா பற்றிக் கெட்ட நீர்ப்பாயம் தானாகவே கலங்கும். எனவே நீர்ப்பாயத்தைத் தெளிவாகப் பேணுதல், முதல்நாள் தொட்டே ஆய்வின் நேர்மையோடு பிணைந்த கருமமாயிற்று. குரங்கினக் குருதியோடும் இந்நீர்ப்பாயம் ஓரளவு தாக்கமுறும். ஆதலால், அறிந்த குருதிகளை ஒப்புநோக்காக வைக்காத சோதனை சோதனையே அன்று.

நீர்ப்பாயத்தின் எப்பகுதி இவ்வாற்றலைத் தாங்குகிறது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. 1939இல் திசேலியசும் கபாற்றும் முயலின் நீர்ப்பாயத்தை மின்புலத்திற் பிரித்து, பிறபொருளெதிரிகள் காமாக் குளோபுலின் பகுதியில் உள்ளன எனக் காட்டினர். 1953இல் பாரிசில் கிராபாரும் வில்லியம்சும் குருதிப் புரதங்களை ஏகார் கூழில் மின்னாற் பிரித்துப் பிறபொருளெதிரியோடு சந்திக்கவிட்டனர். புரதங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வில்லாக வெளிப்பட்டன. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்ரைனும் ஒரே கலவழியின் பிறபொருளெதிரியை ஆக்கிய பின்னர், பழைய வகையைப் பொலிக்குளோனல், அதாவது பல கலவழிகளிற் பிறந்தது, எனப் பிரித்துச் சொல்லவேண்டியதாயிற்று.

பழைய வகை அதனால் ஒழியவில்லை. ஒரு புரதத்தின் பல இடங்களை ஒருங்கே பற்றுவதால், அப்புரதம் சற்றுச் சிதைந்தாலும் அது இனங்காணும். அதன் குறையும் அங்கேயே உள்ளது: ஒரு முயலின் நீர்ப்பாயம் மற்றொன்றினதை ஒத்ததன்று; முயல் இறந்தால் அதன் சுரப்பும் முடிந்தது. இதனாலேயே ஆய்வுகூடங்களில் அது உலோபியின் செல்வம்போலக் காக்கப்படுகிறது. ஒருமுறைக்குப் போதுமான சிறு பங்குகளாகப் பகிர்ந்து −20 பாகையிலோ அதனிலுங் குளிராகவோ உறையவைப்பர். மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைத்தால் மூலக்கூறுகள் திரண்டு பற்றுந்திறனை இழக்கும். சில கிழமைகளுக்குட் பயன்படுவதை 4 பாகையில் வைத்துச் சிறிது சோடியம் ஏசைட்டு சேர்ப்பர். அந்நஞ்சு பக்டீரியாவைத் தடுக்குமாயினும், பெரொட்சிடேசு நொதியையும் முடக்குமாதலால் அந்நொதி இணைத்த பிறபொருளெதிரிக்கு ஆகாது.

குழாயின்மேல் விலங்கின் இலக்கமும் குருதி எடுத்த நாளும் எழுதப்படும். பழைய நீர்ப்பாயத்தின் கடைசிக் குழாய் தீருமுன்னரே, புதியதை அதனருகில் வைத்து ஒரே மாதிரியிற் சோதித்துப் பார்ப்பர்.