கண்ணேரிமுக்கு வீடும் கல் பங்களாவும்

நீலகிரிக்குச் செல்லும் நம்மவர்கள் உதகையின் தாவரவியல் பூங்காவையும் ஏரியையும் தொட்டபெட்டாவையும் கண்டு, வர்க்கியும் தைலமும் வாங்கிக்கொண்டு மலையிறங்கி விடுவது வழக்கம். கோத்தகிரிப் பக்கம் திரும்புவோர் சிலரே. அந்தச் சிலரிலும், கோத்தகிரியிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கண்ணேரிமுக்கு என்னும் ஊருக்குச் சென்று, அங்கே சிவப்பு வண்ணம் பூசி நிற்கும் ஒரு மாடி வீட்டைக் காண்போர் அரியர். 1819-ஆம் ஆண்டில் எழுந்த வீடு அது. நீலகிரியில் ஐரோப்பியர் ஒருவர் கட்டிய முதல் வீடு அதுவே என்பர்.

அந்த வீட்டின் கதையைச் சொல்வதற்குமுன் இருபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டினத்துக் கோட்டை வாயிலில் திப்பு சுல்தான் வாளேந்திய கையுடன் ஷஹீதானார். அதன்பின் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படியே கோயமுத்தூர்ச் சீமையும் அதைச் சார்ந்த நீலகிரியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. ஆனால், கைக்கு வந்த மலை எத்தகையது என்பது கம்பெனியாருக்கே தெரியாது. 1812-இல் கீஸ், மக்மகன் என்னும் இருவர் அளவைப் பணிக்காக மேலே சென்று வந்தனர். அவர்களுடைய அறிக்கையை எவரும் பொருட்படுத்தவில்லை. 1818-இல் கோயமுத்தூர்க் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி ஆகியோர் ஏறித் திரும்பி, சமவெளி வெயிலில் வெந்துகொண்டிருக்கும் நாளிலும் மேலே குளிர் காய வேண்டியிருக்கிறது என்று கூறவே, கலெக்டர் ஜான் சல்லிவனுக்கு ஆவல் பிறந்தது. 1819 ஜனவரியில் அவரே புறப்பட்டார். அன்று அவருக்கு வயது முப்பது.

ஏறியவர் மலையை விட்டுப் பிரிய மனமின்றி அவ்வாண்டிலேயே கண்ணேரிமுக்கில் வீடு கட்டினார். சாலை என்று ஒன்று இல்லாத காலம் அது. சிறுமுகையிலிருந்து மலைக்கு ஏறும் பாதை லெப்டினன்ட் மக்பர்சனின் மேற்பார்வையில் ஒழுங்குபட்டு முடிந்ததே 1823-இல்தான். ஆகவே கலெக்டரானாலும் கைக்கெட்டிய கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டே வீட்டை எழுப்ப வேண்டியிருந்தது. பெத்தக்கல் பங்களா என்னும் பெயரும் அதற்கு உண்டு. 'பங்களா' என்பதை ஆங்கிலச் சொல்லென்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். வங்காள நாட்டுக் குடிசையைக் குறித்த 'பங்களா' என்னும் இந்துஸ்தானிச் சொல்லையே ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். ஜில்லா, தாலுகா, கஜானா, ஜமாபந்தி என்று அந்தக் கலெக்டர் நாள்தோறும் புழங்கிய சொற்களிலும் பெரும்பாலானவை அரபு, பாரசீக வழி வந்தவையே!

காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ நம் முன்னோர் கட்டிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். நடுவே வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், கடற்காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் போக வழி. வெக்கையை விரட்டுவதே அந்த வீடுகளின் இலக்கணம். மலை வீட்டின் இலக்கணம் இதற்கு நேர்மாறானது. அங்கே முற்றம் கிடையாது. சுவர் தடித்திருக்கும், அறைகள் ஒன்றையொன்று நெருங்கியிருக்கும், சுவரில் கணப்படுப்பு பதிந்து, அதன் புகைபோக்கி கூரையைத் துளைத்து நிற்கும். கூரை, மழைநீர் ஒரு நொடியும் தங்காதபடி சரிந்திருக்கும். காற்றை வரவேற்கும் வீடு அன்று அது. காற்றுக்குக் கதவடைக்கும் வீடு.

இத்தகைய வீட்டுக்கு ஈரமே எமன். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறி நனைக்கும் மலையில், ஆள் குடியிருந்து நாள்தோறும் நெருப்பு மூட்டினால்தான் சுவர் உலரும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் முதலில் ஓடு நகரும்; பிறகு உத்தரம் நனையும்; அதன்பின் சுவரின் மண்சாந்து கரையும். கண்ணேரிமுக்கு வீட்டுக்கும் இக்கதியே நேர்ந்தது. நெடுங்காலம் கேட்பாரின்றிச் சிதைந்து, இடிபாடாகவே கிடந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகம் கருத்துச் செலுத்தி அதைச் செப்பனிட்டது. இப்போது அங்கே நீலகிரி ஆவண மையமும், மலைவாழ் மக்களின் வாழ்வைக் காட்டும் படங்களும் பொருள்களும் கொண்ட காட்சிக்கூடமும் உள்ளன.

பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்போரிடம் நமக்கொரு விண்ணப்பம் உண்டு. மண்சாந்தும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் தன்மையுடையவை. அவற்றின்மீது சிமெண்டைப் பூசினால் உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றிச் சுவரை உள்ளிருந்தே அரிக்கும். நம் ஊர்களில் எத்தனையோ பழைய பள்ளிவாசல்களும் தர்காக்களும் இந்தச் சிமெண்ட் மோகத்தால் பொலிவிழந்திருப்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

சல்லிவனின் இரண்டாவது வீடு உதகையில் இருக்கிறது. தோதர்களின் மேய்ச்சல் நிலமாயிருந்த அவ்விடத்தை ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் வாங்கி, 1822-இல் கட்டத் தொடங்கினார் என்பர். உதகையில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு அது. மலைமக்கள் அதைக் 'கல் பங்களா' என்றழைத்தனர். ஆங்கிலத்தில் ஸ்டோன் ஹவுஸ் என்றாயிற்று. 1826-இல் சென்னைக் கவர்னர் சர் தாமஸ் மன்றோ உதகைக்கு வந்தபோது சல்லிவனின் விருந்தினராகத் தங்கினார். பிற்காலத்தில் அக்குன்றில் அரசுச் செயலகம் கோடைதோறும் இயங்கிற்று. 1955-இல் தோன்றிய அரசு கலைக் கல்லூரியின் வளாகத்துள் அவ்வீடு இன்று அடங்கியிருக்கிறது. சல்லிவனின் பெயரால் வழங்கும் ஓக் மரமொன்றும் அங்கே உண்டு. மாணவர் காலடி ஓயாத இடமாதலால், கண்ணேரிமுக்கு வீடு பட்ட பாட்டை இது படவில்லை.

ஏக்கர் ஒரு ரூபாய்! இதைப் படித்ததும் சல்லிவனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடத் தோன்றும். நாமும் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் விவரம் அவ்வளவு எளிதாக இல்லை. மலையின் நிலத்துக்குத் தோதரே உரியவர் என்று அரசோடு வாதாடியவரும் அவரே. 1827-இல் கவர்னராக வந்த லஷிங்டனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1828-இல் உதகை இராணுவ அதிகாரியின் பொறுப்பில் விடப்பட்டது. உரிமையைப் பேசிய கையே மேய்ச்சல் நிலத்தில் ஏரி வெட்டி, உருளைக்கிழங்கு பயிரிட்டு, பின்னால் வந்தவர்களுக்கு வழியும் திறந்துவிட்டது. 2022-இல் உதகையின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டு அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. சிலை வைத்ததில் குறையில்லை. விலைக்கு நிலம் தந்த தோதர் எவருடைய பெயரும் அந்த வரலாற்றில் நம் கண்ணில் படவில்லையே என்பதுதான் வருத்தம்.

இனி, நாம் சொல்ல வந்த மூன்றாவது வீட்டுக்கு வருவோம். அது நீலகிரியில் இல்லை. உண்மையில், இன்று எங்குமே இல்லை. ஸ்ரீரங்கப்பட்டினத் தீவின் கிழக்குக் கோடியில், தம் தந்தை ஹைதர் அலீ அடங்கியுள்ள கும்பஸுக்கு அருகே, லால்பாக் மஹால் என்னும் அரண்மனை திப்புவுக்கு இருந்தது. தரியா தௌலத் மாளிகை தப்பிப் பிழைத்து இன்றும் நிற்கிறது. லால்பாக் மஹாலோ இடித்துப் பிரிக்கப்பட்டது. அவ்வேளையில் உதகையில் மாதா கோயில் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. கவர்னர் லஷிங்டன் 1829 ஏப்ரல் 23-இல் அடிக்கல் நாட்ட, கேப்டன் அண்டர்வுட் கட்டிய செயின்ட் ஸ்டீபன் ஆலயம் அது. அதன் பெரிய உத்தரங்களும் மரங்களும் லால்பாக் மஹாலிலிருந்தே கொண்டுவரப்பட்டன. நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து, காட்டு வழியில் மலையேறி வந்தவை அவை. சுல்தானின் தலைக்குமேல் முப்பது ஆண்டுகளுக்குமுன் நிழல் தந்த மரம், அவரை வென்றவர்களின் தொழுகை இல்லத்துக்குக் கூரை தாங்கிற்று.

அந்த ஆலயத்து வாயிலில் நாம் அனுமதி கேட்டபோது அன்போடு உள்ளே விட்டனர். அண்ணாந்து பார்த்தோம். மரங்கள் இன்னும் உறுதியாகவே இருக்கின்றன. வெளியே, சரிவில் இறங்கும் கல்லறைத் தோட்டத்தில் 1838-இல் காலமான சல்லிவனின் மனைவி ஹென்றியட்டாவும் மகள் ஹாரியட்டும் அடக்கப்பட்டுள்ளனர். மூன்றாண்டுகள் கழித்து, 1841-இல், சல்லிவன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.