துண்டுக்குள் ஒரு விலை!

மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? நாமக்கல்லுக்குப் பக்கத்தில் புதன்சந்தை என்று ஓர் ஊர். பெயர்தான் புதன், மாட்டுச் சந்தை கூடுவது என்னவோ செவ்வாய்க்கிழமை! நம் ஊர்ச் சந்தைகளில் காலங்காலமாக ஒரு காட்சி உண்டு. விற்கிறவரும் தரகரும் கைகோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு. உள்ளே விரல்கள் மட்டும் பேசும். சுற்றி ஐம்பது பேர் நின்றாலும் விலை மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

எதற்கு இந்த ரகசியம்? விலை என்பது ஒரு தகவல். அது யார் கையில் இருக்கிறதோ, பேரம் அவர் பக்கம் சாயும். அவ்வளவுதான் விஷயம். விலை கட்டவில்லையென்றால் மாட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால், முட்டையை?

வானம் பார்த்த பூமியான நாமக்கல் வட்டாரத்தில் 1970-களில் கோழிப்பண்ணைகள் பெருக ஆரம்பித்தன (அப்போது அது சேலம் மாவட்டம், நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ல்). கோழி வளர்ப்பதில் ஒரு சங்கடம்... கோழிக்கு லீவு கிடையாது! ஞாயிறு, தீபாவளி, பந்த் எதுவும் அதற்குத் தெரியாது. 50 ஆயிரம் கோழி உள்ள பண்ணையில் விடிந்தால் ஏறக்குறைய 45 ஆயிரம் முட்டை உருண்டு வந்து நிற்கும். நம் வெயிலில் எத்தனை நாள் அடுக்கி வைக்க முடியும்? முட்டை சாப்பிடுகிற ஜனங்களோ சென்னையிலும் பெங்களூரிலும் கேரளாவிலும் இருக்கிறார்கள். அங்கே இன்று என்ன விலை என்று பண்ணையாளருக்கு எப்படித் தெரியும்? டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருந்த காலம் அது.

லாரியோடு வந்து நிற்கும் வியாபாரிக்குத் தெரியும். அல்லது, தெரிந்த மாதிரி பேசுவார். ''ஏனுங்ணா, மெட்ராஸ்ல வெல எறங்கிருச்சுங்களே... இந்த வெலைக்குன்னா ஏத்திக்கறனுங்க, இல்லாட்டி வுட்ருங்க!'' பொய்யா, நிஜமா? சோதித்துப் பார்க்க வழியில்லை. நாளைக் காலையில் இன்னும் 45 ஆயிரம் வரப்போகிறது. பண்ணையாளர் தலையாட்டினார்.

இந்த இடத்தில்தான் ஆந்திரத்திலிருந்து ஒரு மனிதர் உள்ளே வருகிறார். பி.வி.ராவ். 1971-ல் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனத்தை ஆரம்பித்தவர். குஞ்சு விற்பது அவர் தொழில். பண்ணையாளர் நொடித்துப் போனால் குஞ்சு வாங்க ஆள் ஏது? (இதில் அவருடைய சொந்த லாபமும் இருந்தது என்று சொன்னால் தப்பில்லை.) அவரும் சில பண்ணையாளர்களும் நாடு முழுக்கச் சுற்றி 300-க்கும் மேற்பட்ட கூட்டங்கள் போட்டார்கள். 1982-ல் பிறந்தது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு - சுருக்கமாக 'நெக்'. 'என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை' என்பது கோஷம்!

குழு செய்த காரியம் கேட்பதற்கு ரொம்பச் சாதாரணம். நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பண்ணை விலை. நாமக்கல் ஒரு மண்டலம். எந்த ஊரில் எவ்வளவு முட்டை தேங்கியிருக்கிறது, மற்ற மண்டலங்களில் என்ன விலை, வெயிலா மழையா, வருகிற மாதம் என்ன மாதம் என்று எல்லாம் பார்க்க வேண்டும். புரட்டாசி பிறந்தால் பாதி வீடுகளில் முட்டைக்குத் தடா. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டால் இன்னொரு அடி. இப்படிப் பஞ்சாங்கமும் சேர்ந்ததுதான் அந்தக் கணக்கு. கடைசியில் கிடைப்பது ஒரே ஓர் எண். அந்த எண்ணைத் துண்டுக்குள் மறைக்காமல் ஊரறியச் சொன்னார்கள். அதுதான் புரட்சி! போனில் சொன்னார்கள், பேப்பரில் போட்டார்கள், செல்போன் வந்ததும் எஸ்.எம்.எஸ்-ஸில் அனுப்பினார்கள். மேனேஜ்மென்ட் பாடப் புத்தகங்கள் 'இன்ஃபர்மேஷன் சிஸ்டம்' என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிற சமாசாரம் இதேதான். கம்ப்யூட்டர் அப்புறம் வந்து சேர்ந்துகொண்டது.

முட்டைக்கு 5 பைசா என்றால் நீங்களும் நானும் குனிந்துகூடப் பார்க்கமாட்டோம். 45 ஆயிரத்தால் பெருக்குங்கள். ஒரு நாளைக்கு 2,250 ரூபாய்!

பக்கத்துக் கேரளாவில் இதே கதை கடலில் நடந்தது. 1997-லிருந்து வடகேரளக் கரையோரம் செல்போன் டவர்கள் வர ஆரம்பித்தன. மத்தி மீன் பிடித்துவிட்டு, எந்தத் துறைக்குப் போனால் நல்ல விலை என்று மீனவர்கள் நடுக்கடலிலிருந்தே விசாரித்தார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார நிபுணர் இதை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார். துறைக்குத் துறை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது, வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவது நின்றது, மீனவருக்கு லாபம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை குறைந்தது என்கிறது அந்த ஆராய்ச்சி.

அப்படியானால் நாமக்கல்லில் எல்லாம் சுபமா? அவசரப்படாதீர்கள். 'நெக்' சொல்வது ஆலோசனை விலைதான். அதே விலைக்குத்தான் வாங்கவேண்டும் என்று சட்டம் இல்லை. எனவே, வியாபாரிகள் ஒரு புது வார்த்தையைக் கண்டுபிடித்தார்கள் - மைனஸ்! பேப்பரில் ஒரு விலை வரும். ''அதுல மைனஸ் இவ்வளவுங்க'' என்று போனில் இன்னொரு விலை வரும். முட்டை தேங்கினால் மைனஸ் பெரிசாகும். துண்டு போனது, விரல்கள் போகவில்லை! மைனஸை ஒழிக்கவேண்டும் என்று பண்ணையாளர்கள் பல வருஷம் கூட்டம் போட்டுக் கோபப்பட்டார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கோபமே 1982-ன் சாதனை என்பேன். அதற்கு முன்னால் எவ்வளவு பறிபோகிறது என்றே தெரியாதே... கோபப்படுவது எப்படி?

விற்கிற விலைதான் முழுசாகத் தன் கையில் இல்லை. ஆகிற செலவு? அங்கே புகுந்தது கம்ப்யூட்டர். கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். 50 ஆயிரம் கோழிக்கு ஐந்தரை டன். கிலோவுக்கு 1 ரூபாய் மிச்சம் பிடித்தால் தினம் 5,500 ரூபாய்! மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல் என்று ஒவ்வொன்றின் விலையும் ஆடிக்கொண்டே இருக்கும். புரதம் குறையக்கூடாது, ஓடு மெலிந்து போகக்கூடாது, செலவும் ஏறக்கூடாது. எதை எவ்வளவு கலப்பது?

இந்தக் கணக்கின் பூர்வீகம் அமெரிக்கா. ஒரு மனிதன் குறைந்த செலவில் சத்தாகச் சாப்பிடுவது எப்படி என்று 1945-ல் ஜார்ஜ் ஸ்டிக்ளர் என்பவர் 77 உணவுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. உத்தேசமாக வருஷத்துக்கு 39.93 டாலர் என்றார். 1947-ல் ஜார்ஜ் டான்ட்சிக் கண்டுபிடித்த புது முறையில் அதையே துல்லியமாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்பது குமாஸ்தாக்கள், மேஜைக் கால்குலேட்டர்கள், மொத்தம் 120 ஆள்-நாள் உழைப்பு! விடை 39.69 டாலர். வித்தியாசம் 24 சென்ட். அந்த மெனுவைச் சாப்பிட மனிதர்கள் யாரும் தயாராக இல்லை. கோழிகள் ஆட்சேபிக்கவில்லை! இன்று தீவன ஆலையில் கம்ப்யூட்டர் அந்தக் கணக்கைக் கண்மூடித் திறப்பதற்குள் போட்டு முடித்துவிடுகிறது. நாமக்கல்லில் 1985-ல் வந்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் பங்கும் இங்கே உண்டு. தீவனத்தைச் சோதித்துப் பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று அவர்களிடம் தெரிந்துகொள்ளலாம். வெயில் ஏறப்போகிறது, கோழிக்கு இதைச் செய்யுங்கள் என்று வானிலையை வைத்து யோசனையும் சொல்கிறார்கள்.

விலை, தீவனம், வெயில்... மூன்றுக்கும் தகவல் வர வழி பிறந்துவிட்டது. வந்த வழியாகவே 2006-ல் வேறொரு தகவலும் வந்தது.

அந்த வருஷம் பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. நவாப்பூருக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டில் ஒரு கோழிக்கும் அந்தக் காய்ச்சல் இல்லை. ஆனால், டி.வி-யில் வெள்ளை உடை, முகமூடி சகிதம் ஆட்கள் கோழிகளைப் புதைத்த காட்சியை நாடே பார்த்தது. நம் வீடுகளில் ஆம்லெட் நின்றது. முட்டை விலை கவிழ்ந்தது. நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் ஆபத்தில்லை என்று நிபுணர்கள் சொன்னார்கள். தொழிலில் இருப்பவர்கள் ஊர் ஊராகக் கோழித் திருவிழா நடத்தி, கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். ஜனங்கள் பயம் தெளிந்து வரும்வரை அட்டைகளில் முட்டை அடுக்கியபடியே நின்றது.

கோழிகள் டி.வி. பார்ப்பதில்லை. மறுநாள் காலையிலும் 45 ஆயிரம் முட்டை வந்து நின்றது. தீவனம் ஐந்தரை டன், முட்டை 45 ஆயிரம் என்று பண்ணை நோட்டில் வழக்கம்போல எழுதினார்கள்.