கட்டுநாயக்கவில் மூடிய தளமும் கான் தீவு கொடுத்த விலையும்

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

1957இல் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பிரித்தானியத் தளங்களை மீட்டார். வகுப்பில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதில் ஒரு பகுதியை நாம் கட்டினோம். இன்னொரு பகுதியை நமக்கு மாசி அனுப்பும் மாலைத்தீவு மக்கள் கட்டினார்கள்.

முதலில் நம் கதை. சுதந்திரத்துக்குச் சற்று முன், 1947 நவம்பரில், பிரித்தானியாவுடன் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன்படி 1948இல் கொடி மாறிய பிறகும் திருகோணமலையில் அவர்களின் கடற்படையும் கட்டுநாயக்கவில் விமானப்படையும் இருந்தன. 1956 தேர்தலில் வென்ற பண்டாரநாயக்க, எந்த வல்லரசின் பக்கமும் சேராத நாட்டில் அந்நியத் தளம் இருக்க முடியாது என்ற நிலைப்பாட்டை எடுத்தார். சண்டை இல்லை, பேச்சுவார்த்தைதான். 1957 ஒக்டோபர் 15 திருகோணமலை கைக்கு வந்தது. நவம்பர் 1 கட்டுநாயக்க வந்தது.

ஆனால் இலவசமாக வரவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற கட்டடங்களுக்கும் வசதிகளுக்கும் 22 மில்லியன் ரூபாவை ஐந்து வருடங்களில் தவணையாகக் கொடுக்க நம் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. நம் மண்ணில் நின்ற கட்டடத்துக்கு நாமே விலை கொடுத்தோம்.

பணத்தில் எழுதப்படாத செலவும் இருந்தது. திருகோணமலை டொக்யார்டை நம்பித்தான் அந்த நகரத்தின் கடைத்தெருவும் பல குடும்பங்களின் அடுப்பும் இருந்தன. தளம் போனபோது அந்தச் சம்பளமும் போனது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள். 1920களில் பிரித்தானியர் தங்கள் கப்பல்களுக்காகக் கட்டத் தொடங்கியவை. இன்று 99 நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பல தசாப்தங்களாகக் காடு பிடித்துக் கிடந்தன. 2022 ஜனவரியில்கூட அவற்றை இந்திய நிறுவனத்துடன் எப்படிப் பங்கிடுவது என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்தோம். கட்டுநாயக்கவுக்கு நல்ல காலம். அது சர்வதேச விமான நிலையமாகி இன்றும் நாட்டுக்கு உழைக்கிறது. ஒன்று பயன்பட்டது, மற்றது துருப்பிடித்தது. மூடிய பிறகு என்ன செய்வது என்ற திட்டம் இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

இனி இரண்டாவது பகுதி. கட்டுநாயக்கவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு சிங்கப்பூர் போன பிரித்தானிய விமானங்களுக்கு வேறு இடம் வேண்டும். மாலைத்தீவின் தென்கோடியில் இருக்கிறது அட்டு. அங்கே கான் என்ற சின்னத் தீவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுபாதை ஒன்று கிடந்தது. 1956 இறுதியில் அங்குள்ள பிரதமருடன் 100 வருடக் குத்தகை பேசினார்கள். வருடத்துக்கு 2,000 பவுண். கான் மக்களை அயல் தீவான பெய்தூவுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு இடம் விட, பெய்தூ மக்கள் மரதூவுக்கு நகர வேண்டியதாயிற்று. கொழும்பில் முடிந்த பேச்சுவார்த்தைக்காக, அதைப் பற்றிக் கேள்வியே படாத மீனவக் குடும்பங்கள் வீடு மாறின.

ஆனாலும் தளம் வேலை கொடுத்தது. மாலே வியாபாரிகள் வைத்த விலைக்கு மீன் விற்றுக்கொண்டிருந்தவர்களின் கையில் முதன்முறையாகச் சம்பளப் பணம் வந்தது. 1957 இறுதியில் மாலேயில் பிரதமரான இப்ராஹிம் நாசிர் குத்தகையை மீளப் பேச வேண்டும் என்றார். ஒரு நாட்டின் தலைவராக அது நியாயமான கோரிக்கை. அட்டு மக்களின் காதில் அது தங்கள் வேலையில் கை வைப்பதாகவே கேட்டது. 1959 ஜனவரியில் தென்பகுதித் தீவுகள் தனி நாடென்று அறிவித்தன. அப்துல்லா அபீப் தீதி தலைவரானார். சுமார் 20,000 மக்கள். எல்லோரும் முஸ்லிம்கள், ஒரே மொழி, ஒரே மாசி, ஒரே கடல். இடையில் வந்தது ஒரு தளம்.

பிரித்தானியா முதலில் கண்டும் காணாமல் இருந்தது. 1960இல் மாலேயுடன் புதிய ஒப்பந்தம் வந்தது. 1986 வரை குத்தகை, அபிவிருத்திக்கு 750,000 பவுண். அதன் பிறகு தெற்கின் தனி நாட்டுக்கு ஆதரவு கிடைக்கவில்லை. 1962இல் தினதூ தீவின் மக்களை மாலே அரசு வெளியேற்றி வீடுகளை இடித்தது. 1963இல் தனி நாடு முடிந்தது. அபீப் தீதி பிரித்தானியக் கப்பலில் சீஷெல்ஸ் போனார். 1965இல் மாலைத்தீவின் சுதந்திர ஒப்பந்தம் கைச்சாத்தானது கொழும்பில்தான்.

கதை அங்கேயும் முடியவில்லை. 1967இல் பவுணின் பெறுமதி குறைக்கப்பட்டது. 1968 ஜனவரியில், சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகளைத் திருப்பி அழைப்பதாக லண்டன் அறிவித்தது. 1976 மார்ச்சில், குத்தகை முடிய இன்னும் பத்து வருடம் இருக்கும்போதே, கான் தளத்தை மூடிவிட்டுப் போனார்கள். யாருக்காக ஊரையும் நாட்டையும் பிரித்துக்கொண்டார்களோ, அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். நூற்றுக்கணக்கானோருக்கு வேலை இல்லை. முகாமில் ஆங்கிலம் பழகிய பலர், அப்போதுதான் தொடங்கியிருந்த சுற்றுலா ஹோட்டல்களில் வேலை தேடி வடக்கே போனார்கள். பழைய படைக் கட்டடங்களில் பிற்காலத்தில் ஆடைத் தொழிற்சாலையும் ஹோட்டலும் வந்தன. ஓடுபாதை இன்று விமான நிலையம்.

இதற்கிடையில் பெரிய நாடுகள் ஒரு பாடம் படித்துக்கொண்டன. மக்கள் இருக்கும் இடத்தில் தளம் வைத்தால் ஒரு நாள் கேள்வி வரும். ஆகவே அட்டுவுக்கும் தெற்கே உள்ள தியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைக்க, முதலில் மக்களையே அகற்றினார்கள். 1968க்கும் 1973க்கும் இடையில் சாகோஸ் தீவுவாசிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டு, பெரும்பாலானோர் மொரீசியஸிலும் சீஷெல்ஸிலும் விடப்பட்டார்கள். 1972இல் அவர்களுக்கென்று மொரீசியஸுக்குக் கொடுக்கப்பட்டது 650,000 பவுண். அந்த வழக்குகள் நம் காலம் வரை நடந்தன.

இதை ஏன் இன்று எழுதுகிறேன்? பண்டாரநாயக்க செய்தது பிழை என்று சொல்வதற்கல்ல. தளங்களை மீட்டது சரி. ஆனால் தளம் மூடுவது கொடி இறக்குவதோடு முடிவதில்லை. காணி யாருக்குத் திரும்பும், வேலை இழந்தவர் எங்கே போவார், விட்டுச்சென்ற கட்டடத்தை யார் எதற்குப் பாவிப்பார் என்ற மூன்று கேள்விகளுக்கும் முன்கூட்டியே பதில் எழுதாவிட்டால், அந்தக் கணக்கை அயலில் இருக்கும் ஏழைதான் கட்டுவார்.

நம் நாட்டிலும் யுத்தம் முடிந்த பிறகு முகாம் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. வலிகாமம் வடக்கிலும் கேப்பாப்புலவிலும் தமிழ் மக்கள் வருடக்கணக்கில் கேட்டார்கள். சிலாவத்துறையில் நம்மவர்கள் கடற்படை முகாமுக்குள் போன காணியைக் கேட்டார்கள். இது ஒரு இனத்தின் பிரச்சினை அல்ல. காணி திரும்பி வந்தாலும் கிணறு தூர்ந்திருக்கும், வீடு இருக்காது, எல்லைக்கல் இருக்காது. வேலியைக் கழற்றுவதை மட்டும் கேட்டு நின்றுவிடாமல், அதற்குப் பிறகான செலவையும் சேர்த்துக் கேட்கப் பழக வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டொக்யார்டிலோ சீனக்குடாவிலோ கட்டுநாயக்கவிலோ வெள்ளைக்காரன் காலத்தில் வேலை செய்த மூத்தாப்பா, தாத்தா உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களைப் பற்றிக் கேட்டதைக் கீழே எழுதுங்கள். என்ன வேலை, என்ன சம்பளம், 1957க்குப் பிறகு என்ன செய்தார்கள்? பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரியைப் படிப்பிக்கும்போது, அதோடு சேர்த்துச் சொல்ல நம் ஊர்ப் பெயர்களும் வேண்டும்.