எறும்பு மணப்பறப்பு

எறும்பு மணப்பறப்பு என்பது, சிறகுடைய இளம் இராணி எறும்புகளும் ஆண் எறும்புகளும் ஒரே வேளையில் கூடுகளை விட்டு எழுந்து இணைசேரும் நிகழ்வு. எறும்புகள் ஹைமனாப்டெரா வரிசையின் ஃபார்மிசிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. மழைக்காலத்தில் விளக்கைச் சூழும் ஈசல், கறையானின் சிறகுப் பருவமேயன்றி எறும்பன்று. எறும்பின் இடை ஒடுங்கியது. முன்சிறகு பின்சிறகைவிடப் பெரியது. ஈசலின் நான்கு சிறகுகளும் ஏறத்தாழ ஒரே அளவின.

பிரிட்டன் வீட்டுத் தோட்டங்களில் பரவலாகக் காணப்படுவது, 1758இல் லின்னேயஸ் விவரித்த கருந்தோட்ட எறும்பின் (லேசியஸ் நைஜர்) பறப்பு. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், காற்று அடங்கிய வெப்பமான பிற்பகல்களில், கல்தள இடுக்குகளிலிருந்து சிறகெறும்புகள் வெளிவரும். ஆண்கள் கருவுறாத முட்டையிலிருந்து தோன்றுபவை. பறப்புக்குப்பின் விரைவில் இறந்துவிடும். இராணி தரையிறங்கிச் சிறகுகளை உதிர்த்து, மண்ணைத் தோண்டித் தன்னை அடைத்துக்கொள்ளும். முதல் தொழிலாளிகள் உருவாகும்வரை அது இரை தேடுவதில்லை. இனிப் பயன்படாத பறப்புத் தசைகளையும் உடற்கொழுப்பையும் கரைத்தே இளம்புழுக்களை ஊட்டும். அந்த ஒரு பறப்பில் பெற்ற விந்தே அதன் ஆயுள் முழுமைக்கும் போதுமானது. வளர்ப்புச் சூழலில் ஓர் இராணி 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துள்ளது.

‘பறக்கும் எறும்பு நாள்’ என்ற வழக்கு துல்லியமானதன்று. 2012 முதல் மூன்று ஆண்டுகள் பொதுமக்களின் பதிவுகளைத் திரட்டிய பிரிட்டன் ஆய்வு, பறப்புகள் பல நாள்களில் சிதறி நிகழ்வதையும், 13 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் மட்டுமே அவை நிகழ்வதையும் காட்டியது. 2019 ஜூலையில் தென் இங்கிலாந்தில் எழுந்த எறும்புத் திரள், வானிலை ராடாரில் மழைபோலப் பதிவானது. கடற்காகங்களும் உழவாரன் குருவிகளும் இத்திரளை இரையாகக் கொள்கின்றன.